பென்சிலைக் கீழே வைக்கிற பிள்ளைக்கு எந்த வழி?

இரண்டாம் தரத்தில் ஒரு பையன். கணக்குக் கொப்பியில் 14ஐயும் 9ஐயும் கூட்ட வேண்டும். 113 என்று எழுதினான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அழித்தான். 13 என்று எழுதினான். அதையும் அழித்தான். அழிறப்பர் தேய்ந்து போயிருந்ததால் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தான். தாள் நைந்து, நடுவில் பருப்பளவு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையை மறைத்து இடது கையை மடித்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். நான் கிட்டப் போனதும், “வயிறு வலிக்குது டீச்சர்” என்றான்.

அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஏழு வயதில் பயம் வயிற்றில்தான் வந்து உட்காரும்.

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பதினான்கு வருடமாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். இப்படிப் பென்சிலைக் கீழே வைக்கிற பிள்ளைகள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். ஆனால் முதலாம் தரத்துக்கு வரும்போது யாரும் அப்படி வருவதில்லை. அப்போது எல்லோரும் கையை உயர்த்துவார்கள், நான் கேள்வியை முடிக்கும் முன்பே உயர்த்துவார்கள். மூன்றாம் தரம் முடியும் நேரத்தில் பல கைகள் மேசைக்குக் கீழே போய்விடுகின்றன. இடைப்பட்ட அந்தக் காலம் முழுவதும் அவர்கள் எங்கள் கையில்தான் இருந்தார்கள். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

போன தவணை முடிவில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் ஐந்து பேரும் அதிபருடன் உட்கார்ந்து இதைப் பேசினோம். தரம் 1, 2, 3 மூன்றுக்கும் ஒரே முறையை வைத்துக்கொள்வது என்று முடிவு. எந்த முறை என்பதில்தான் பேச்சு நீண்டது. நான்கு வழிகள் முன்வந்தன: நட்சத்திரமும் பாராட்டும், மனப்பாங்கைப் பற்றிய தனிப் பாடம், மட்டம் பார்த்துப் பிரித்துப் படிப்பிப்பது, கொடுக்கிற வேலையையும் பிழையைக் கையாளும் விதத்தையும் மாற்றுவது. நான் நான்காவது பக்கம் நின்றேன். மற்ற மூன்றையும் ஏன் முழுதாகத் தள்ளவும் இல்லை, முழுதாக ஏற்கவும் இல்லை என்பதை இங்கே எழுதுகிறேன். மஸ்கெலியா, மடூல்சீமை போன்ற மற்றத் தோட்டப் பகுதிகளிலும் இதே கேள்வியோடு இருக்கிற ஆசிரியர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும்.

சின்னப் பிள்ளை பிழையை எப்படிப் பார்க்கிறது

வழிகளை ஒப்பிடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். பெரியவர்களுக்குப் பொருந்துவது ஆறு வயதுக்கு அப்படியே பொருந்தாது.

உளவியலாளர் ஜோன் நிக்கல்ஸ் 1978இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விடயம் தெரியவந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கெட்டிக்காரத்தனமும் கஷ்டப்படுவதும் ஒன்றுதான். யார் அதிகம் முயன்றாரோ அவர்தான் கெட்டிக்காரர். “கஷ்டப்படாமலே செய்கிறவன்தான் உண்மையான கெட்டிக்காரன்” என்ற எண்ணம் பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் வந்து சேர்கிறது. அப்படியென்றால் எங்கள் முதலாம் தரத்துப் பிள்ளை முயற்சியை நம்புகிற மனத்தோடுதான் படியேறி வருகிறது. அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, கெடுக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் அந்த வயதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. 1992இல் ஹேமன், ட்வெக், கெய்ன் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், செய்த வேலையைக் குறை சொன்னதும் மனம் உடைந்துபோன பிள்ளைகள் “நான் கெட்ட பிள்ளை” என்றும் நினைப்பதைப் பார்த்தார்கள். இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சரியாக எழுதிய பிள்ளையிடம் நாங்கள் என்ன சொல்கிறோம்? “நல்ல பிள்ளை!” தலையைத் தடவிச் சொல்கிறோம். அப்போது பக்கத்தில் பிழையாக எழுதிய பிள்ளை யார்?

இன்னொன்று, கட்டடம். தோட்டங்களின் பொறுப்பில் இருந்த பாடசாலைகளை அரசாங்கம் எழுபதுகளின் பிற்பகுதியில் பொறுப்பேற்கத் தொடங்கியது. அப்போது கிடைத்தவை பெரும்பாலும் ஒற்றை மண்டபங்கள். பிறகு எத்தனையோ கட்டடங்கள் வந்துவிட்டன. ஆனாலும் எங்கள் ஆரம்பப் பிரிவு இன்னும் தட்டி வைத்துப் பிரித்த ஒரு மண்டபத்தில்தான் நடக்கிறது. இரண்டாம் தரத்தில் ஒரு பிள்ளை சொன்ன பிழையான விடை முதலாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் கேட்கும். அங்கே அக்காவோ அண்ணனோ இருப்பார்கள். பின்னேரம் அது லயத்து வரிசை வீடுகளுக்கும் போகும். சுவர் வைத்த வகுப்பில் ஒரு பிழை முப்பது பேருக்குத் தெரிந்தால், எங்களிடம் அது வீடு வரைக்கும் தெரியும்.

நட்சத்திரம்

இது எங்களுக்கு மிகவும் பழக்கமான வழி. ஒட்டுகிற நட்சத்திரம் டவுனில் கிடைக்கும், அதிகச் செலவு இல்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தாய்மாருக்கு அதைவிடப் பிடிக்கும். நானும் மூன்று வருடம் ஒட்டினேன்.

கூச்சப்படுகிற பிள்ளைகள் சிலர் நட்சத்திரத்துக்காகவாவது எழுதினார்கள். இந்த நன்மையை மறுக்க மாட்டேன். ஆனால் வகுப்பில் முதலாவதாக வருகிற ஒரு பெண்பிள்ளையிடம் ஒரு நாள் கொஞ்சம் கஷ்டமான கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்: “இது பிழைச்சா ஸ்டார் இல்லையா டீச்சர்?” இல்லை என்றேன். “அப்ப முந்தின மாதிரிக் கணக்கே தாங்க” என்றாள். மிகவும் நியாயமான பதில். நட்சத்திரம் எதற்குக் கிடைக்கும் என்பதை அவள் சரியாகப் படித்து வைத்திருந்தாள்.

கிளோடியா மியுலரும் கரோல் ட்வெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதே இடத்தில்தான் கை வைக்கிறது. ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு பகுதியினரிடம் “நீ கெட்டிக்காரன்” என்றும், இன்னொரு பகுதியினரிடம் “நன்றாக முயன்றிருக்கிறாய்” என்றும் சொன்னார்கள். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் தங்களைக் கெட்டிக்காரராகக் காட்டக்கூடியதையே எடுத்தார்கள். முயற்சிக்குப் பாராட்டு வாங்கியவர்கள் கற்றுக்கொள்ளக்கூடியதை எடுத்தார்கள். பிறகு வேண்டுமென்றே கஷ்டமான புதிர்களைக் கொடுத்தார்கள், எல்லோரும் தடுமாறினார்கள். அதன்பின் முதலில் கொடுத்தது போன்றவற்றைக் கொடுத்தபோது முதல் பகுதியினரின் புள்ளி இறங்கியது, மற்றவர்களின் புள்ளி ஏறியது. என்னை உறுத்தியது கடைசிச் செய்திதான். தாங்கள் எடுத்த புள்ளியை இன்னொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்களில் ஐந்துக்கு இரண்டு பேர் அளவில் கூட்டி எழுதினார்கள். ஒரேயொரு பாராட்டு வசனம் இவ்வளவும் செய்தது.

சரி, “கெட்டிக்காரன்” என்பதை விட்டுவிட்டு “நன்றாக முயன்றாய்” என்று சொன்னால் தீர்ந்ததா? எங்கள் ஆசிரியை ஒருவர் அப்படித்தான் கேட்டார். முயலாத பிள்ளையிடம் அதைச் சொன்னால் பிள்ளைக்கே தெரியும். முயன்றும் வராத பிள்ளையிடம் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், அது ஆறுதல் பரிசு போல ஆகிவிடும். “குச்சியை எண்ணிப் பார்த்தாய், அதனால் இந்த இடத்தைப் பிடித்தாய்” என்று பிள்ளை என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். நட்சத்திரத்துக்கு அந்தத் தேவை இல்லை. அது இவ்வளவு இலகுவாக இருப்பதன் காரணமும் அதுதான்.

“இன்னும்” என்ற சொல்லும் சுவரில் ஒட்டுகிற அட்டையும்

இரண்டாவது வழியைக் கொண்டுவந்தவர் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போய்வந்த இளம் ஆசிரியை. ஆர்வமாகப் பேசினார், அந்த ஆர்வம் எனக்குப் பிடித்தது. வாரத்தில் ஒரு பாடம். மூளை வளரக்கூடியது என்று பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வது. “எனக்குத் தெரியாது” என்பதை “எனக்கு இன்னும் தெரியாது” என்று சொல்லப் பழக்குவது. “முயன்றால் முடியாதது இல்லை” என்று சுவரில் எழுதுவது. திறமை முயற்சியால் வளரும் என்று நம்புவது வளரும் மனப்பாங்கு, அது பிறப்போடு வந்தது, மாறாது என்று நம்புவது நிலைத்த மனப்பாங்கு என்று ட்வெக் பிரித்துக் காட்டியதன் வகுப்பறை வடிவம் இது. அவரது நூல் 2006இல் வந்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

இது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது? இங்கிலாந்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில், பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட பாடங்களை வாரா வாரம் நடத்திப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பாடம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கணிதத்திலோ மொழியிலோ கூடுதலாக முன்னேறவில்லை. ஒப்பிட எடுத்த மற்றப் பாடசாலைகளிலும் இந்தக் கருத்து ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். அதே வருடம் அமெரிக்காவில் ஏறக்குறைய 12,000 ஒன்பதாம் தர மாணவரிடம் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த ஒரு கணினிப் பாடம். புள்ளி குறைந்த மாணவரிடம் சிறிய, ஆனால் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது. கஷ்டமான வேலையை எடுப்பது சக மாணவர் நடுவே வழக்கமாக இருந்த பாடசாலைகளில்தான் அந்தப் பாடம் நன்றாக வேர்விட்டது.

அதாவது மண் சரியாக இருந்தால் விதை முளைக்கும். அப்படியானால் நான் முதலில் மண்ணைத்தான் பார்ப்பேன். அதோடு இரண்டு ஆய்வும் எங்கள் பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் நடந்தவை. தரம் 1 பிள்ளைக்கு “மனப்பாங்கு” என்று ஒன்றை எடுத்துச் சொல்லி விளங்கவைப்பதைவிட, பிழை விட்டதும் யாரும் சிரிக்காத ஒரு காலைப் பொழுதைக் கொடுப்பது பெரிது.

சுவரில் எழுதுகிற வசனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது எங்கள் மண்ணுக்கே உரிய சிக்கல். சில வருடங்களுக்கு முன் மூன்றாம் தரத்தில் நான் இதே போல முயற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: “எங்கம்மா நல்லா முயற்சி செஞ்சுதான் டீச்சர் கொழுந்து எடுக்கிறாங்க. நேத்து அரைப்பேர்தான் போட்டாங்க.” தோட்டத்தில் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: ஒரு நாளில் பறித்த தேயிலைக் கொழுந்து குறிப்பிட்ட கிலோவுக்கு வந்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். வராவிட்டால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். கொழுந்து குறைந்த காலத்தில், மழையில், செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குக் கிட்டிய மலையில் எவ்வளவு கை வேகம் இருந்தாலும் அந்தக் கிலோ வராது.

அந்தப் பிள்ளைக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. முயற்சி எல்லாவற்றையும் தரும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொன்னால் அவளுடைய அம்மா போதிய அளவு முயலவில்லை என்றாகிவிடும். அன்றிலிருந்து நான் வகுப்பில் முயற்சியைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதில்லை. இந்தக் கணக்கு, இந்த எழுத்து, இந்த வாசகம், இதற்கு இன்னொரு தடவை முயன்றால் இன்னது நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன். அது உண்மை, பிள்ளையும் தன் கண்ணாலேயே பார்க்கலாம். வாழ்க்கை முழுவதற்குமான வாக்குறுதியை ஆறு வயதிடம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

“இன்னும்” என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. அது தமிழில் சும்மா வருகிற சொல். “சோறு இன்னும் வேகலை” என்று சொல்கிற மாதிரி “எனக்கு இன்னும் பிடிபடலை” என்று பிள்ளை சொல்லலாம். அதற்குத் தனிப் பாடம் வேண்டாம். நாங்கள் ஐந்து பேரும் வாயில் வைத்துக்கொண்டால் ஒரு தவணையில் பிள்ளைகள் வாயிலும் வந்துவிடும்.

மட்டம் பார்த்துப் பிரிப்பது

மூன்றாம் வழிக்கு அதிபர் ஆதரவு. மீத்திறன், இடைநிலை, மெல்லக் கற்போர் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஏற்ற வேலை கொடுத்தால் யாரும் திணற வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம்.

இதற்குப் பலமான சான்று இருக்கிறது. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, ஆரம்பப் பிரிவின் மேல் வகுப்புப் பிள்ளைகளைத் தரம் பாராமல் வாசிப்பு மட்டத்தைப் பார்த்துக் குழுவாக்கி, நாளின் ஒரு பகுதியில் எழுத்து, சொல், பந்தி, கதை என்று ஏற்றிக்கொண்டு போனது. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இதை வருடக்கணக்காக அளந்து பார்த்தார்கள். நன்றாக நடத்திய இடங்களில் வாசிப்பு நன்றாகவே உயர்ந்தது. எழுத்தே தெரியாத பிள்ளையின் முன் ஐந்து வரிப் பந்தியை வைத்துவிட்டு “முயன்று பார்” என்பது கொடுமை. அந்த இடத்தில் அதிபர் சொல்வது சரிதான்.

ஆனால் பிரதம் செய்ததும் நாங்கள் வழக்கமாகச் செய்வதும் ஒன்றல்ல. அங்கே குழு என்பது ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கு, அடிக்கடி சோதித்துப் பிள்ளையை மேலே ஏற்றுவார்கள். இங்கே குழு என்பது ஒரு வாங்கு. அந்த வாங்கில் உட்கார்ந்த பிள்ளை வருடம் முழுக்க அங்கேதான்.

நான் சின்னதில் படித்த இடத்தில் தவணைப் புள்ளி வரிசைப்படி இருத்துவார்கள். கடைசி வாங்கு கதவோரம். ஜூன், ஜூலை மழையில் சாரல் நேரே அந்த வாங்கில்தான் அடிக்கும். இரண்டு தவணை நான் அங்கே இருந்தேன். பாவாடை நனைந்ததைவிட வேறொன்று நன்றாக நினைவிருக்கிறது: அந்த வாங்கில் இருந்த நாங்கள் நாலு பேரும் கேள்வியே கேட்க மாட்டோம். எங்களிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. இலகுவான வேலைதான் வரும். அதைச் சரியாகச் செய்தாலும் சந்தோஷம் வராது.

ஆகவே வாசிப்புக்கு மட்டும், நாளுக்கு முக்கால் மணி நேரம் மட்டும், குழுவுக்குப் பெயர் வைக்காமல், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டு செய்தால் நான் சம்மதம் என்றேன். கணக்குக்கு வேண்டாம்.

வேலையையும் பிழையையும் மாற்றுவது

நான் கேட்டது இதுதான். ஒவ்வொரு நாளும் கணக்குப் பாடத்தில் முதல் இருபது நிமிடம் ஒரே ஒரு கணக்கு. வகுப்பில் யாருக்கும் உடனே வராத அளவுக்குக் கஷ்டம், ஆனால் எல்லோரும் எங்கேயாவது கை வைக்கக்கூடியது. அந்த நேரத்தில் அழிறப்பர் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். பிழை என்று தெரிந்தால் மேலே ஒரு கோடு, பக்கத்தில் மறுபடி. புள்ளி இல்லை, சரி அடையாளமும் இல்லை. கடைசியில் நான் ஒரு பிழையான விடையைக் கரும்பலகையில் எழுதுவேன், யாருடையது என்று சொல்லாமல். “இது எப்படி வந்திருக்கும்?” என்று கேட்பேன்.

முதல் வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வாரம் 14 + 9 = 113 என்று எழுதிவிட்டுக் கேட்டேன். ஒரு பிள்ளை, “நாலும் ஒம்பதும் பதிமூணு, அதை அப்படியே எழுதி, முன்னால ஒண்ணை வச்சிட்டாங்க” என்றாள். ஓட்டை விழுந்த கொப்பிக்காரன் மெதுவாகத் தலையை உயர்த்தினான். பிறகு குச்சிக் கட்டுகளை எடுத்தோம். கவ்வாத்து வெட்டிய மலையில் பிள்ளைகள் பொறுக்கிவந்த தேயிலைக் குச்சிகள், பத்துப் பத்தாகக் கட்டியவை. ஒரு கட்டும் நாலு குச்சியும், இன்னொரு ஒன்பது குச்சியும். அவனே உதிரிகளில் பத்தை எண்ணிக் கட்டினான், இரண்டு கட்டும் மூன்று உதிரியும் ஆயிற்று. “நூத்திப் பதிமூணுன்னா மேசை முழுக்கக் குச்சி வேணும்” என்றான், தனக்குள் பேசுவது போல. வயிற்று வலியைப் பற்றி அன்று பேச்சே இல்லை.

மூன்றாம் தரத்தில் நடந்த இன்னொன்று. கணக்கு இதுதான்: அம்மா காலை நிறுவைக்கு 7 கிலோ, பகல் நிறுவைக்கு 6 கிலோ கொழுந்து கொண்டுவந்தார், நாள் முடிவில் மொத்தம் 18, பின்னேரம் எத்தனை? நான் எதிர்பார்த்த விடை 5. வாயே திறக்காத ஒரு பையன், “அஞ்சு காணாது டீச்சர்” என்றான். ஏன் என்று கேட்டேன். “ஒவ்வொரு தடவையும் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பாங்க. கூடவே எடுத்திருக்கணும்.” எவ்வளவு கழிப்பார்கள் என்று வகுப்பே கூடிப் பேசி, தடவைக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டு மறுபடி போட்டார்கள். மூன்று கிலோ போய்த்தான் 18 என்றால், நிறுத்தது 21. அதில் காலையும் பகலும் 13. பின்னேரம் 8. நான் கொடுத்ததைவிடக் கஷ்டமான கணக்கை அவர்களே செய்துகொண்டார்கள். மணி அடித்தும் எழும்பவில்லை.

இந்த வழியின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. பயிற்சிகள் குறைவாகவே முடியும். பாடத்திட்டத்தில் நாங்கள் பக்கத்துப் பாடசாலையைவிடப் பின்தங்குவோம். கொப்பி அழகாக இருக்காது. கோடு கோடாக இருக்கிற கொப்பியைப் பார்வையிட வருகிறவர்களுக்கு விளக்க வேண்டிவரும். ஆசிரியர் லீவு என்றால் அன்று இது நடக்காது. இரண்டு தரத்தைச் சேர்த்துப் பார்க்கிற நாளில் மிகவும் கஷ்டம்.

அளவும் முக்கியம். முதலில் திணறவிட்டுப் பிறகு விளக்குவது நன்மை தரும் என்று சிங்கப்பூரில் மனு கபூர் செய்த ஆய்வுகள் காட்டின, ஆனால் அவை பெரிய வகுப்பு மாணவரிடம். பிறகு இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆரம்பப் பிரிவு வயதுப் பிள்ளைகளுக்கு அந்த நன்மை அதே போலத் தெரியவில்லை. அதனால்தான் நான் இருபது நிமிடத்துக்கு மேல் கேட்கவில்லை. அதிலும் முதல் ஐந்து நிமிடம்தான் தனியாக. பிறகு குச்சி, பிறகு பக்கத்துப் பிள்ளை, பிறகு டீச்சர் என்று உதவி ஒவ்வொரு படியாக வரும். சின்னப் பிள்ளையைத் திணறலில் தனியாக விட்டுவிட்டுப் போகிற முறை என்றால் நானே எதிர்ப்பேன்.

புலமைப்பரிசில், புள்ளி, தாய்மார்

தரம் 4, 5 ஆசிரியர்களின் கவலை வேறு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. “கீழ் வகுப்பில் விளையாடிவிட்டு எங்களிடம் அனுப்புவீர்கள்” என்றார் ஒருவர். அவர் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த முதலாம் தாளில் பிள்ளை இதுவரை பார்க்காத மாதிரிக் கேள்விகள்தான் வரும். பார்க்காத கேள்வியின் முன் பென்சிலைக் கீழே வைக்காத பழக்கம் அங்கேதான் கை கொடுக்கும்.

தவணைப் பரீட்சையை நாங்கள் நிறுத்த முடியாது. ஒன்று செய்யலாம். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குக் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை, புள்ளியைப் பார்த்ததும் குறிப்பு கண்ணில் படவில்லை போலும். ஆகவே விடைத்தாளைக் குறிப்போடு முதலில் கொடுத்து, திருத்தி எழுதவைத்து, இரண்டு நாள் கழித்துப் புள்ளியைச் சொல்வது என்று தீர்மானித்தோம். இதற்கு மட்டும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

தாய்மாரிடம் என்ன சொல்வது என்பதில் நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். அமெரிக்காவில் கண்டர்சனும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் மூன்று வயது வரை வீட்டில் பிள்ளை செய்கிற செயலைப் பாராட்டிய தாய்தந்தையரின் பிள்ளைகள் ஏழெட்டு வயதில் கஷ்டமான வேலையைக் கூடுதலாக விரும்பினார்கள். 2016இல் ஹைமோவிட்ஸும் ட்வெக்கும் இன்னொன்றைக் கண்டார்கள்: தோல்வியைப் பெற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. பெற்றோர் மனத்தில் வைத்திருக்கிற கொள்கையைவிட, புள்ளி குறைந்த நாளில் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் பிள்ளை படிக்கிறது.

எங்கள் தாய்மார் மலையிலிருந்து வந்து, விறகு, தண்ணீர், சமையல் என்று முடிக்கும்போது பிள்ளை தூங்கிவிடும். பல வீட்டில் கொப்பியைப் பார்ப்பது அம்மாயிதான். அவர்களிடம் நீண்ட விளக்கம் கொடுத்துப் பயனில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வியை மட்டும் கொடுத்தேன்: “எத்தனை எடுத்தே?” என்பதற்குப் பதிலாக “இன்னிக்கு எது கஷ்டமா இருந்துச்சு?” ஒரு அம்மா உடனே, “அப்ப ஸ்டார் ஒட்ட மாட்டீங்களா டீச்சர்? அவன் ஸ்டாரைக் காட்டித்தானே எனக்கு முத்தம் குடுப்பான்” என்றார். ஸ்டார் இல்லாமலும் காட்டுவதற்கு ஏதாவது வைத்திருப்பான் அக்கா, கேட்டுப் பாருங்க என்றேன்.

எங்கே வந்து நின்றோம்

தரம் 1, 2, 3இல் கணக்குக்கு நான்காவது வழி. வாசிப்புக்கு, நான் சொன்ன நிபந்தனைகளோடு, மூன்றாவது. சுவரில் வசனம் எழுதுவதில்லை, “இன்னும்” என்ற சொல்லை ஆசிரியர்கள் பேச்சில் மட்டும். இளம் ஆசிரியைக்கு இதில் கொஞ்சம் வருத்தம். அவருடைய மூளைக் கதையைச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றேன், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். நட்சத்திரம் நிறுத்தம். முதலாம் தரத்து ஆசிரியை மட்டும் முதல் தவணைக்கு வேண்டும் என்றார், புதிதாக வந்து அழுகிற பிள்ளைகளுக்காக. வருகைக்கு ஒட்டுங்கள், விடைக்கு வேண்டாம் என்று சம்மதித்தோம்.

சித்திரை விடுமுறைக்கு முன் மறுபடி உட்காருகிறோம். அதற்குள் நான் எண்ணப்போவது ஒன்றுதான்: கஷ்டமான கணக்கைக் கரும்பலகையில் எழுதியதும், பத்து நிமிடம் கழித்து எத்தனை பென்சில் மேசையில் கிடக்கிறது, எத்தனை கையில் இருக்கிறது.

ஸ்டாரைப் பற்றிக் கேட்ட அந்த அம்மா பெற்றோர் கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்துப் பாடசாலைப் படியில் என்னைப் பிடித்தார். கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போகிற வழி. “கேட்டேன் டீச்சர். ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்ட கணக்கைக் காட்டினான். இதெல்லாம் பிழைன்னு அவனே சொல்றான். சொல்லிட்டுச் சிரிக்கிறான்.” காலையில் பேர் பதிகிற பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக இறங்கிப் போனார்.